பச்சைப் பொத்தானை அகற்றிய பிறகு

வேலூர் சத்துவாச்சாரியில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து நடந்து வரும் தொலைவில், நானும் என் கணவரும் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். தட்டச்சும் மனு எழுதித் தருவதும் என் பொறுப்பு. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களான பிறகு, பல மாதங்கள் வரை எங்கள் கடைக்கு வந்தவர்களில் கணிசமானோர் தவறான ஊருக்கு வந்தவர்களாகவே இருந்தார்கள். ஆம்பூரிலிருந்து வந்தவர் திருப்பத்தூருக்கும், நெமிலியிலிருந்து வந்தவர் ராணிப்பேட்டைக்கும் போயிருக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பும்போது, அவர்கள் இழந்த ஒரு நாள் கூலி என் கண்முன் நிற்கும். எந்த வட்டம் எந்த மாவட்டத்தில் சேர்ந்தது, எந்தச் சான்றிதழுக்கு என்னென்ன இணைப்பு வேண்டும், அதை யார் கையொப்பமிட்டு வழங்குவார் என்பதையெல்லாம் 2020 ஊரடங்கு நாட்களில் எழுதத் தொடங்கினேன். அப்படித்தான் எங்கள் இணையதளம் பிறந்தது.

அப்போது விளம்பரம் பற்றிய எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் தளத்தின் இணைய முகவரிக்கும், அதன் பக்கங்களை இணையத்தில் வைத்திருக்கும் இடத்தின் வாடகைக்கும் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகையைக் கடை வருமானத்திலிருந்து எடுப்பது அந்த நாட்களில் எளிதாக இல்லை. அந்தச் செலவாவது தானாக வந்துவிட்டால் போதும் என்றுதான், நம் தளத்தில் விளம்பரங்களைக் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் சேவைக்கு விண்ணப்பித்தேன். 2018 பிப்ரவரி முதலே தமிழ்த் தளங்களையும் அவர்கள் ஏற்றுக்கொண்டு வந்ததால் மொழி ஒரு தடையாக இல்லை. இருந்தும் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உள்ளடக்கத்துக்குப் போதிய மதிப்பு இல்லை என்பது காரணம். கோபம் வந்தது உண்மைதான். இரண்டு நாள் கழித்து என் பக்கங்களை நானே ஒரு வாசகியாகத் திறந்து பார்த்தபோது, அந்தக் காரணம் சரி என்றே பட்டது. நாற்பதுக்கு மேற்பட்ட பக்கங்களில் பாதி, அரசாணையின் வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டவை. மீதியில் பல, நான்கைந்து வரிகளோடு நின்றவை. கடையில் ஒருவருக்கு எதிரில் உட்கார்ந்து நான் விளக்கும் எதுவும் அந்தப் பக்கங்களில் இல்லை. நான்கு மாதம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் திருத்தி எழுதினேன். வருமானச் சான்றில் ஊதியம் பெறாதவர் எதைக் காட்டலாம், பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் என்ன செய்வது போன்ற, கடையில் தினமும் கேட்கப்படும் கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டாம் முறை அனுமதி கிடைத்தது.

கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்க எண் ஒன்றை அஞ்சலில் அனுப்புவார்கள். எங்கள் தெருவில் பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் இன்றும் கலந்தே புழங்குகின்றன. நான் பழைய எண்ணை மட்டும் கொடுத்திருந்தேன், கடிதம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து மறுமுறை கேட்கலாம் என்பதால், இரண்டு எண்களையும், கடையின் பெயரையும், அருகிலுள்ள கோயிலையும் சேர்த்து முகவரியைத் திருத்திவிட்டு மறுபடி கேட்டேன். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது. நான்கு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரங்கள் நிறுத்தப்படும் என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

இதற்கிடையே ஒரு தவறு நடந்தது. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன், சித்திக்கு உதவுவதாக நினைத்து, விடுதி நண்பர்கள் பத்துப் பதினைந்து பேரிடம் தளத்தைக் காட்டி விளம்பரங்களை அழுத்தச் சொல்லியிருக்கிறான். அந்த வாரம் வருமானம் திடீரென உயர்ந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்துபோனேன். மாத முடிவில், செல்லாத சொடுக்குகள் என்று அந்தத் தொகை முழுவதும் கழிக்கப்பட்டிருந்தது. சொந்த விளம்பரத்தைத் தானே அழுத்துவதும், பிறரை அழுத்தச் சொல்வதும் கணக்கையே மூடச்செய்யும் குற்றம் என்பது விதிகளில் தெளிவாக இருக்கிறது. நான்தான் அதை வீட்டில் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. அன்றிலிருந்து தளம் பற்றிய பேச்சு எழும் இடமெல்லாம் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நூறு டாலரைத் தொட்டால்தான் பணம் அனுப்புவார்கள். அதைத் தொட எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. பணம் சிங்கப்பூரிலுள்ள கூகுள் நிறுவனத்திடமிருந்து மாதத்தின் 21-க்கும் 26-க்கும் இடையே அனுப்பப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து வருவதால் எதற்கான பணம் என்று வங்கி கேட்கும். விளம்பரச் சேவைக்கான நோக்கக் குறியீடு பி 1007 என்பதை அறிந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் தொகை வரவு வைக்கப்பட்டது. இது வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டிய வருமானம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பணம் கைக்கு வந்ததும் இன்னும் வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் வந்தது. கூகுளே இடம் பார்த்து வைக்கும் தானியங்கி விளம்பரங்களின் அளவை உச்சத்துக்கு நகர்த்தினேன். போதாதென்று, ஒவ்வொரு பக்கத்திலும் படிவத்தைப் பதிவிறக்கும் இணைப்புக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக விளம்பரப் பெட்டிகளை நானே செருகினேன். வாசகர்கள் உறுதியாக நின்று பார்க்கும் இடம் அதுதானே என்பது என் கணக்கு. சொடுக்குகள் கூடின, இரண்டு மாதம் வருமானமும் கூடியது.

மூன்றாம் மாதம் ஒடுகத்தூரிலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். மனைவி இறந்து, வாரிசுச் சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருந்தவர். சுய உறுதிமொழிப் படிவத்தை என் தளத்திலிருந்து எடுக்கலாம் என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகனுடைய செல்போனை என்னிடம் நீட்டி, “படிவம் வரலைம்மா. பச்சையா பட்டன் இருந்ததே, அதைத்தான் அமுக்கினேன். என்னென்னவோ வந்து உக்காந்துக்கிச்சு” என்றார். நான் பார்த்தேன். ‘பதிவிறக்கு’ என்று பெரிய பச்சைப் பொத்தானோடு ஏதோ ஒரு செயலியின் விளம்பரம், என் படிவ இணைப்புக்குச் சரியாக மேலே நின்றது. என் இணைப்போ சிறிய நீல எழுத்தில் கீழே கிடந்தது. அவர் செல்போனில் மூன்று செயலிகள் இறங்கியிருந்தன. தவறான ஊருக்கு வந்து கூலியை இழப்பவர்களுக்காகத் தொடங்கிய தளம், ஒரு முதியவரைப் பேருந்து ஏற்றி என்னிடம் அனுப்பியிருந்தது. அவர் அழுத்திய அந்த அழுத்தலுக்கும் என் கணக்கில் சில காசுகள் ஏறியிருக்கும் என்ற நினைப்பு அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். படிவ இணைப்பு உள்ள பகுதியைச் சுற்றி எந்த விளம்பரமும் வராதபடி நீக்கினேன். விளம்பரம் தளத்தின் பொத்தான்போலத் தோன்றும் இடத்தில் இருக்கக் கூடாது என்பது ஆட்சென்ஸின் விதியும்கூட. தவறுதலாக அழுத்தப்படும் சொடுக்குகள் அதிகமானால், வாசகர் இரண்டு முறை அழுத்தினால்தான் விளம்பரம் திறக்கும் என்ற கட்டுப்பாட்டையும் அவர்கள் கொண்டுவரக்கூடும். விளம்பரங்களைப் பார்வையிட்டுத் தடுக்கும் பகுதிக்குப் போய், பதிவிறக்கப் பொத்தான் போலிருந்த ஒவ்வொன்றையும் தடுத்தேன். விரைவில் பணக்காரராகும் வழி போன்ற வகைகளை மொத்தமாக மூடினேன். தானியங்கி விளம்பரங்களின் அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன். படிவ இணைப்பைப் பெரிய எழுத்தில், தனிக் கட்டத்துக்குள் வைத்தேன்.

அந்த மாதம் வருமானம் பாதியாகக் குறைந்தது. அடுத்த மாதமும் ஏறவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து மெல்ல ஏறி, ஆறாம் மாதத்தில் பழைய உச்சத்தைக் கடந்தது. ஏன் என்று அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பாடம் புரியத் தொடங்கியது. படிவம் எளிதாகக் கிடைத்ததால் வாசகர்கள் தளத்தில் தங்கினார்கள். அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். பக்கத்தின் முகவரியை உறவினர்களுக்கு அனுப்பினார்கள். ஒரு வருகைக்கு ஒரு பக்கம் என்றிருந்தது இரண்டுக்கு மேல் ஆனது.

அறிக்கையைப் பக்கவாரியாகப் பார்ப்பது என்ற பழக்கமும் அப்போதுதான் வந்தது. அதற்கு முன்பு மொத்தத் தொகையை மட்டும் பார்த்து வந்தேன். ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு வருமானம் என்பதை ஆர்பிஎம் என்பார்கள். சாதிச் சான்றிதழ் பக்கத்துக்குத்தான் வாசகர்கள் மிக அதிகம். ஆனால் அதன் ஆர்பிஎம் மிகக் குறைவு. வில்லங்கச் சான்று, பட்டா மாறுதல் பற்றிய பக்கங்களுக்கு வருபவர்கள் சிலரே. அவற்றின் ஆர்பிஎம் மூன்று மடங்குக்கு மேல். ஒவ்வொரு விளம்பர இடமும் ஒரு நொடிக்குள் நடக்கும் ஏலத்தில் விற்கப்படுகிறது. வில்லங்கச் சான்று தேடுபவர் வீடோ மனையோ வாங்க இருப்பவர் என்பதால், அவர் கண்ணில் படுவதற்கு வங்கிகளும் மனை விற்பவர்களும் போட்டியிடுகிறார்கள். சாதிச் சான்றிதழ் தேடும் மாணவருக்காக அந்தப் போட்டி இல்லை.

இதை அறிந்ததும் கடன் பற்றி எழுதலாமே என்று என் கணவர் சொன்னார். இரண்டு பக்கங்கள் எழுதியும் பார்த்தேன். எனக்குத் தெரியாத பொருளை எழுதியதால் முதல் நிராகரிப்பின்போது இருந்த பக்கங்களைப் போலவே அவை வெறுமையாக இருந்தன, நீக்கிவிட்டேன். பதிலாக, எனக்கு நன்கு தெரிந்த நில ஆவணங்களை எடுத்துக்கொண்டேன். பட்டாவில் கூட்டுப் பெயரைப் பிரிப்பது, நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தை வாசிப்பது, மாவட்டப் பிரிவினைக்கு முந்தைய பத்திரங்களில் வட்டத்தின் பெயர் வேறாக இருந்தால் எதை இணைப்பது என்று பதினெட்டுப் பக்கங்கள் எழுதினேன். இன்று வருமானத்தின் பெரும்பகுதி இவற்றிலிருந்து வருகிறது. சாதிச் சான்றிதழ் பக்கம் ஏறத்தாழ எதுவும் ஈட்டுவதில்லை. ஆனாலும் மிகக் கவனமாகப் புதுப்பிப்பது அதைத்தான்.

அடுத்தது வேகம். பீஞ்சமந்தை போன்ற மலையூர்களிலிருந்து வருபவர்கள், பக்கம் திறக்கும்போது எழுத்து கீழே கீழே குதிக்கிறது என்றார்கள். விளம்பரம் தாமதமாக வந்து, தனக்கு இடம் பிடிக்க எழுத்தைத் தள்ளியதே காரணம். பெட்டி வரும் இடத்துக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்கி வைத்தால் அந்தக் குதிப்பு நின்றுவிடும். இந்த அசைவின் அளவு 0.1-க்குள்ளும், பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 நொடிக்குள்ளும் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் வரம்பு. பக்கத்தின் கீழே உள்ள விளம்பரங்கள் வாசகர் அருகில் வரும்போது மட்டும் ஏறும்படி செய்தேன். நான் ஏற்றியிருந்த பெரிய படங்களைச் சுருக்கினேன். இந்த ஒரு வேலைக்கு மட்டும் காட்பாடியிலுள்ள ஓர் இளைஞருக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். செலவழித்ததில் மிகப் பயனுள்ள தொகை இது என்பேன். அவரே, ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்ற கோப்பு எங்கள் தளத்தில் இல்லாததையும் காட்டினார். யாருக்கு இந்தத் தளத்தின் விளம்பர இடத்தை விற்கும் உரிமை உண்டு என்று அறிவிக்கும் ஒரே ஒரு வரி அது. அந்த எச்சரிக்கை என் கணக்குப் பக்கத்தில் பல மாதங்களாகச் சிவப்பில் நின்றிருந்தது. நான் படிக்காமல் கடந்திருந்தேன்.

2024 தொடக்கத்தில் ஆட்சென்ஸ், சொடுக்குக்குப் பணம் என்ற முறையிலிருந்து பார்வைக்குப் பணம் என்ற முறைக்கு மாறியது. அதுவரை விளம்பரதாரர் செலுத்துவதில் 68 விழுக்காடு தள உரிமையாளருக்கு வந்தது. புதிய முறையில், விளம்பரதாரருக்காக இடம் வாங்கித் தரும் சேவையின் கட்டணம் போக எஞ்சுவதில் 80 விழுக்காடு வருகிறது. மொத்தத்தில் ஏறத்தாழ அதே அளவுதான். எனக்கு அது பாதகமாக இல்லை. யார் கண்ணிலும் படாமல் கிடந்த பெட்டிகளை நான் ஏற்கெனவே குறைத்துவிட்டிருந்ததால், எஞ்சிய சில விளம்பரங்களும் வாசகர் பார்க்கும் இடத்திலேயே இருந்தன.

மாதங்களை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். எங்களுக்கு மே, ஜூன் மாதங்களில் வாசகர்கள் குவிவார்கள். பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் தேடும் காலம். ஆனால் ஆர்பிஎம் உயர்வது ஆயுதபூஜையிலிருந்து தீபாவளி வரை; விளம்பரதாரர்கள் செலவழிக்கும் காலம் அது. ஜனவரியில் இரண்டும் சரியும். முதல் ஜனவரியில் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று அமைப்புகளையெல்லாம் மாற்றி, நல்ல நிலையில் இருந்ததைக் குலைத்தேன். இப்போது எந்த மாதத்தையும் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு மட்டுமே ஒப்பிடுகிறேன்.

சென்ற ஆண்டு, முதன்முறையாக நேரடி விளம்பரம் ஒன்றும் வந்தது. நில அளவை செய்து தரும் உரிமம் பெற்ற ஒருவர், கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், புலப்படப் பக்கத்தில் தன் சேவையைப் போட முடியுமா என்று கேட்டார். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று பேசிக்கொண்டோம். அந்தப் பக்கத்தில் ஆட்சென்ஸ் ஈட்டியதைவிட அது மிக அதிகம். ‘விளம்பரம்’ என்ற சொல் தெளிவாக மேலே இருக்க வேண்டும், இணைப்பில் அது பணம் பெற்று வைக்கப்பட்டது என்ற குறிப்பைத் தேடுபொறிக்கும் தர வேண்டும், கட்டணம் அரசுக் கட்டணம் அல்ல என்று எழுத வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் வைத்தேன். மூன்றாவதற்கு அவர் தயங்கினார், நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஒப்புக்கொண்டார்.

இப்போது இணையதளம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வதோடு, கடையின் வாடகையில் பெரும்பகுதியையும் தருகிறது. வாரம் ஒருமுறை, ஞாயிறு காலையில், விளம்பரங்களைப் பார்வையிடும் பகுதியைத் திறந்து புதிதாக வந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பச்சைப் பொத்தான்கள் இன்னும் வருகின்றன. சென்ற வாரம் நான்கு தடுத்தேன்.