சொந்த ஊர் ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

2007-இல் லண்டன் வெம்ப்ளியில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் ஓர் ஆட்டம் நடத்தியபோது வேடிக்கையாகத்தான் இருந்தது. 2025-இல் சாவோ பாலோ, டப்ளின், லண்டன், பெர்லின், மாட்ரிட் என 7 ஆட்டங்கள். 16 வரை கொண்டுபோக வேண்டும் என்கிறார் ஆணையர் ரோஜர் குடெல்.

ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் சீசனுக்கு 8 அல்லது 9 ஆட்டங்கள்தான். அதில் ஒன்றைத் தூக்கி லண்டனுக்குக் கொடுத்தால் உள்ளூர்க்காரன் வயிறு எரியாதா? காலையிலேயே மைதானத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, முன்பின் தெரியாதவனுக்கும் ஒரு தட்டு நீட்டுகிற கூட்டம் அது. 2013 முதல் புளோரிடாவின் ஜாக்சன்வில் அணி ரசிகர்கள் கிட்டத்தட்ட ஆண்டுதோறும் இதை இழக்கிறார்கள். தொலைக்காட்சியில் பார்க்கலாம்தான், லண்டன் ஆட்டம் கலிபோர்னியாவில் பெரும்பாலும் காலை 6.30-க்கே தொடங்கிவிடும்!

2018-இல் மெக்சிகோ நகர மைதானத்தின் புல்தரை பாழாகி, ஆட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது அதை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றினார்கள். விமான டிக்கெட் எடுத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

வெளிநாட்டு ரசிகர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் ஆசையோடுதான் வருகிறார்கள். ஒளிபரப்புப் பணத்தை எண்ணுகிறவர்கள், சீசன் டிக்கெட்டுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?