எரர் வரலைன்னு ஒரு கம்ப்ளைன்ட்

எத்தனையோ பக் பார்த்தாச்சு, ஆனா "எரர் வரவே மாட்டேங்குது, சீக்கிரம் சரி பண்ணுங்க"ன்னு ஒரு டிக்கெட் வந்தது எனக்கு இதான் முதல் தடவை.

லினக்ஸோட மையமான கெர்னல்ல ஸ்கசி டீபக்னு ஒரு டிரைவர் (ஹார்ட்வேரோட கெர்னலைப் பேச வைக்கிற கோடு) இருக்கு. டிஸ்க்கே இல்லாம டிஸ்க் இருக்குன்னு சாதிக்கிறதுதான் அதோட வேலை. மாட்யூலை லோடு பண்ணா போதும், ரேம்ல 8 எம்பியை எடுத்து வச்சுக்கிட்டு நான்தான் ஹார்ட் டிஸ்க்னு கூசாம பொய் சொல்லும், கெர்னலும் நம்பிரும். இன்னொரு ஆப்ஷன் குடுத்தா ஹெக்ஸ்ல 1234, நம்ம கணக்குல 4660வது செக்டர்லேர்ந்து (டிஸ்க்கை 512 பைட் துண்டா பிரிச்சா ஒரு துண்டுதான் செக்டர்) பத்து செக்டர் கெட்டுப்போன மாதிரி நடிக்கும். எழுதினா ஒண்ணும் சொல்லாது, படிக்கப் போனாதான் மீடியம் எரர். பின்ன, எரர் வந்தா நம்ம சாஃப்ட்வேர் தாங்குதான்னு பார்க்க நிஜ டிஸ்க்கை சுத்தியலால தட்டவா முடியும்?

எங்க ஆபீஸ்ல சொந்தமா ஒரு கெர்னல் ட்ரீ (கெர்னல் கோடோட எங்க காப்பி) வச்சிருக்கோம், இந்த டிரைவர்லயும் எங்க பசங்க கை வச்சிருக்காங்க. அதுல புது வெர்ஷன் போட்டதுலேர்ந்து கெட்ட செக்டரை படிச்சாலும் டேட்டா சமத்தா வந்துருது. வில்லன் வேஷம் கட்டினவன் மேடை ஏறினதும் திடீர்னு திருந்திட்டான்.

மேனேஜர் போன் பண்ணாரு.

"என்னப்பா பிரச்சனை?"

"எரர் வரலை சார்."

"வரலைன்னா நல்லதுதானே?"

"இல்ல சார், வரணும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "டிஸ்க் நல்லாதான இருக்கு?"ன்னாரு. டிஸ்க்கே இல்ல சார்னு சொன்னேன். "சரி, நீயே பார்த்துக்கோ"ன்னு வச்சுட்டாரு, இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி அவரும் கேக்கலை நானும் சொல்லலை.

பழைய வெர்ஷனுக்கும் புதுசுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 700 கமிட், அதாவது கோடுல பண்ணின மாற்றம். எந்த கமிட்ல தப்பு வந்துச்சுன்னு தேடித் தர்ற கிட் பைசெக்ட் இருக்க பயமேன்னு இறங்கிட்டேன். பாதியில வெட்டி நல்லதா கெட்டதான்னு பார்த்து, மறுபடி பாதி, மறுபடி பாதின்னு போனா 10 தடவைல ஆள் சிக்கிரணும். டெஸ்டுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன், டிஸ்க் முழுக்க எதையாவது எழுது, அப்புறம் 4660ஐ படி, எரர் வந்தா நல்ல கெர்னல், வரலைன்னா கெட்ட கெர்னல். (இதை ஸ்கிரிப்ட்ல எழுதுறப்பவே மூளை ஒருதடவை மக்கர் பண்ணுச்சு, நல்லதுக்கும் கெட்டதுக்கும் இருந்த அர்த்தத்தை நானே தலைகீழா மாத்தி வச்சுட்டேன்.) கியூஎமுல (கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு டம்மி கம்ப்யூட்டரை ஓட்டுற சாஃப்ட்வேர்) ஒவ்வொரு கெர்னலா பூட் பண்ணி ஓட விட்டுட்டு தூங்கப் போயிட்டேன்.

காலைல எந்திரிச்சு பார்த்தா குற்றவாளி ரெடி. கோடுக்கு நடுவுல விளக்கத்துக்குன்னு எழுதுற ஒரு கமென்ட்ல இருந்த எழுத்துப்பிழையை யாரோ திருத்தின கமிட்! அதுல கோடுன்னு ஒரு வரி கூட மாறலை. ஆனாலும் பாருங்க, அரை மணி நேரம் அந்த கமென்ட்டையே முறைச்சுப் பார்த்துட்டு இருந்தேன், எழுத்துப்பிழைலதான் இத்தனை நாள் எரரே ஒட்டிட்டு இருந்துச்சோன்னு கூட ஒரு யோசனை போச்சு.

தப்பு என் ஸ்கிரிப்ட் மேல. டிஸ்க்ல எழுதுறது எல்லாம் முதல்ல ரேம்ல இருக்கிற பேஜ் கேஷ்லதான் போய் உக்காரும். எழுதி முடிச்சு டிஸ்க்கை மூடினா அந்த கேஷும் போயிரும், ஆனா அந்த நேரம் பார்த்து டிவைஸ்களை கவனிக்கிற யூடெவ்ங்கிற புரோகிராம் வந்து யாரு புதுசா எழுதினதுன்னு டிஸ்க்கை திறந்து எட்டிப் பார்த்துட்டு இருந்தா கேஷ் அப்படியே நிக்கும், அப்ப நான் படிக்கிறது கேஷ்லேர்ந்து வருமே தவிர டிரைவர் வரைக்கும் போகவே போகாது, எரர் எங்கேர்ந்து வரும்? ஆக நல்ல கெர்னல் எல்லாம் அப்பப்ப கெட்டதுன்னு பேர் வாங்கிட்டு போயிருக்கு.

கேஷை தாண்டி நேரா டிஸ்க்லேர்ந்து படிக்கிற டைரக்ட் ஆப்ஷனை போட்டேன். உடனே புது கெர்னல்லயே எரர் வந்துருச்சு! பக்கே இல்லையான்னு ஒரு நிமிஷம் சந்தோஷம். அப்புறம் டிக்கெட்டை ஒழுங்கா படிச்சா அவங்க 4 கிலோபைட் துண்டா படிக்கிறாங்க, நான் 512 பைட்டா படிக்கிறேன். 4 கிலோபைட்டுக்கு எட்டு செக்டர், 4660ஐ எட்டால வகுத்தா 582.5. அதாவது முதல் கெட்ட செக்டர் ஒரு 4 கிலோபைட் துண்டுக்கு சரியா நட்டநடுவுல உக்காந்திருக்கு, அந்த துண்டு ஆரம்பிக்கிறது 4656ல. பைசெக்டை திரும்ப ஓட்டினேன், இந்த தடவை நிஜ ஆள் சிக்கினான்.

முன்னாடி கோடு என்ன பார்க்கும்னா, படிக்கிற ஏரியாவும் கெட்ட ஏரியாவும் எங்கயாவது உரசுதான்னு ரெண்டு முனையையும் பார்க்கும். யாரோ அதை "சிம்பிளா மாத்தறேன்"னு படிக்க ஆரம்பிக்கிற செக்டர் 4660லேர்ந்து 4669க்குள்ள இருக்கான்னு மட்டும் பார்க்கிற மாதிரி ஆக்கிட்டாங்க. வாசல்ல மட்டும் வாட்ச்மேன் நிக்கிறான், 4656ல ஏறிக் குதிச்சு உள்ள போறவனை கேக்க நாதியில்ல. எடுத்த ஒரு வரியை திரும்ப வச்சேன், அவ்ளோதான் பேட்ச். கமிட் மெசேஜ்தான் படுத்திருச்சு, "எரரை மறுபடியும் வர வைக்கிறேன்"ங்கிறதை படிக்கிறவன் சிரிக்காத மாதிரி எப்படி எழுதுறது? நாலு தடவை எழுதி அழிச்சு, அஞ்சாவதா அப்படியே எழுதி அனுப்பிட்டேன்.

மெர்ஜ் ஆன மறுநாள் பேக்கப் டூல் பண்ற டீம்லேர்ந்து புது டிக்கெட். போன மாசம்தான் அந்த கெட்ட செக்டர் டெஸ்டையே எழுதியிருக்காங்க, எழுதின நாள்லேர்ந்து ஒருதடவை கூட ஃபெயில் ஆனதில்லையாம். இப்ப முதல் எரர்லயே டூல் மல்லாக்க விழுந்துருது. டிக்கெட்டுக்கு தலைப்பு "டிரைவர் பேட்ச்சால் ரெக்ரெஷன்", அதாவது நல்லா ஓடினது என்னால கெட்டுப்போச்சாம், அசைன் பண்ணியிருக்கிறது என் பேர்ல.