காலையில் மட்டும் மிஸ் அடித்த மாருதி 800

ஐப்பசி மழையோடு ஆரம்பித்த மிஸ்ஸிங் (சிலிண்டர் சரியாக வெடிக்காமல் விட்டு விட்டு ஓடுவது) தை பிறந்த பிறகு ஒருவழியாகப் போய்விட்டது. வண்டி 1996 மாடல் மாருதி 800, மூன்று சிலிண்டர் கார்பரேட்டர் எஞ்சின். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் அந்தக் கார்பரேட்டரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன். ராமநாதபுரத்தில் வண்டியைப் பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் அதைத்தான் கை காட்டினார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விடிகாலையில் ஸ்டார்ட் செய்தால் ஐட்லிங்கில் உடம்பெல்லாம் குலுங்கும். பாம்பன் பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியரில் திணறும், நடுநடுவே கார்பரேட்டர் வழியாக 'டப்' என்று திருப்பி அடிக்கும். திருப்பி அடித்தாலே "கலவை சரியில்லண்ணே, கழட்டி சர்வீஸ் பண்ணிருவோம்" என்பதுதான் முதல் வார்த்தை. ஆனால் வெயில் ஏறிவிட்டால் வண்டி தங்கமாக ஓடும். பட்டறை திறந்து, நம் முறை வருவதற்குள் கம்ப்ளெய்ண்ட் காணாமல் போய்விடும்.

ப்ளக், வயர் எல்லாம் இடம் மாற்றிப் பார்த்தேன். கம்ப்ளெய்ண்ட் அவற்றோடு நகரவில்லை. ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்ததில் இரண்டாவதை நிறுத்தினால் எஞ்சின் படுத்துவிடுகிறது. ஒன்றையோ மூன்றையோ நிறுத்தினால் பெரிய வித்தியாசமில்லை, அவை ஏற்கெனவே அரைகுறை. (வயரைப் பிடுங்கி அந்தரத்தில் விடாதீர்கள். ஒரு பழைய ப்ளக்கை மாட்டி பாடியில் எர்த் கொடுத்துவிட்டுப் பாருங்கள். பொறிக்கான கரண்டைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் மாட்யூல் பிழைக்கும்.) ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வயர்கள் மேல் தண்ணீரை ஸ்பிரே அடித்தும் பார்த்தாயிற்று. எங்கேயாவது நீலப்பொறி ஓடும் என்று எதிர்பார்த்தால் ஒன்றுமே இல்லை. கரண்ட் வெளியே கசியவில்லை என்றால் உள்ளேதான்.

ஒவ்வொரு சிலிண்டரின் ப்ளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், உள்முனைகளில் வெள்ளைப் பொடி. பித்தளையாக இருந்தால் பச்சை பூக்கும். வெள்ளை என்றால் அலுமினிய முனை போட்ட மலிவு மூடி. வண்டி என் கைக்கு வருவதற்கு முன் யாரோ மாட்டியது. பொடியைச் சுரண்டி எடுத்தேன், ஆனால் மிஸ்ஸிங் குறையவில்லை.

அப்புறம்தான் அந்தக் கோடு கண்ணில் பட்டது. டார்ச்சை நேராக அடித்தால் தெரியாது. கருப்பு பேக்லைட் பிளாஸ்டிக்கில் கருப்புக் கோடு எப்படித் தெரியும்? மூடியை நன்றாகத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தை ஓரத்திலிருந்து படுக்கையாக விட்டு, லென்ஸ் வைத்து மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒன்றாம் முனைக்கும் மூன்றாம் முனைக்கும் நடுவில் வளைந்து வளைந்து மெல்லிய கரிக்கோடு ஒன்று ஓடியது. நகத்தால் தடவினால் லேசான பள்ளம். பொறி ஓடி ஓடி பேக்லைட்டையே கரியாக்கிப் போட்ட பாதை அது.

திருப்பி அடித்ததற்கும் அங்கேயே விடை இருக்கிறது. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-3-2. இரண்டு வெடிப்புக்கு இடையே கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) 240 டிகிரி சுற்றும். ஒன்றாவது வெடிக்க வேண்டிய நேரத்தில் மூன்றாவது பிஸ்டன் பெட்ரோல் கலவையை உறிஞ்சியபடி கீழே இறங்கிக்கொண்டிருக்கும், இன்டேக் வால்வு திறந்திருக்கும். கம்ப்ரஷன் அழுத்தத்தில் பொறி தாவுவது கஷ்டம், அழுத்தம் இல்லாத இடத்தில் சுலபம். அதனால் ஒன்றாவதுக்கான கரண்ட் கோடு வழியே மூன்றாவதுக்கு ஓடி, அங்கே உள்ளே வந்துகொண்டிருக்கும் கலவையைக் கொளுத்திவிடுகிறது. அதுதான் கார்பரேட்டர் வழியாக 'டப்'. ஒன்றாவதும் வெடிக்கவில்லை, மூன்றாவதின் கலவையும் வீண்.

காலையில் மட்டும் ஏன்? எங்கள் மண்டபத்தில் வடக்கே பெண் கடல் (பாக் நீரிணை), தெற்கே ஆண் கடல் (மன்னார் வளைகுடா), எந்தக் காற்று அடித்தாலும் உப்பு நிச்சயம். ஐப்பசிக்கு மேல் வாடை. மூடிக்குள் படியும் உப்பு சும்மா இருப்பதில்லை. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியும். கரிக்கோட்டின் மேல் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் கரண்டுக்கு ராஜபாட்டைதான். வெயில் வந்ததும் காய்ந்துவிடும்.

சந்தேகம் தீர, தங்கச்சிமடத்தில் கருவாட்டு லோடு அடிக்கும் மச்சானின் பழைய ஆம்னியிலிருந்து மூடியைக் கடன் வாங்கினேன். அதுவும் இதே 796 சிசி எஞ்சின்தான், மூடி அப்படியே உட்கார்ந்தது. "மச்சான், ஆறு மணிக்கு லோடு இருக்கு, அதுக்குள்ள குடுத்துருங்க" என்று தூக்கக் கலக்கத்தில் தலைமாட்டில் நின்றார். பனி சொட்டுகிற நேரத்தில் ஸ்டார்ட் செய்தேன். குலுக்கலே இல்லை. என் மூடியைத் திரும்ப மாட்டினால் பழைய ஆட்டம். போதும்.

புது மூடி வரும்வரை, பேனாக்கத்தி நுனியால் கரியைச் சுரண்டி, அந்த இடத்தில் நகப்பாலிஷ் தடவி ஓட்டினேன். பழைய மெக்கானிக்குகளின் வித்தை, ஒப்பேற்றத்தான் ஆகும். ராமநாதபுரம் கடைகளில் அலுமினிய முனைதான் கிடைத்தது; பித்தளைக்கு மதுரையில் சொல்லி பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். விலை கூடத்தான், ஆனால் கடற்கரைக்காரனுக்கு வேறு வழியில்லை. மூடிக்குள் சுற்றி முனைகளுக்குக் கரண்ட் கொடுக்கும் ரோட்டாரும் சேர்த்தே மாற்றிவிட்டேன். வயர் ரப்பர்களுக்குள் சிலிகான் கிரீஸ், டிஸ்ட்ரிபியூட்டரைக் கழுவ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். எங்கள் ஊர் போர் தண்ணீரில் கழுவினால் இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் சேரும்.

மூடியைச் சுற்றி சிலிகான் பூசி அடைத்துவிடச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே பொறி தாவும்போது ஓசோன் உண்டாகும். வெளியேற வழியில்லாவிட்டால் அதுவே முனைகளை அரிக்கும். அடியில் உள்ள காற்றுத் துளை அடைபடாமல் இருந்தால் போதும்.

கழற்றிய கையோடு வாக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு பொறி விழும் நேரத்தை முன்தள்ளும் அமைப்பு) குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். தட்டு நகர்கிறது, ஆனால் நிற்கவில்லை, உடனே திரும்பிவிடுகிறது. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு ஓட்டை. பிக்கப் மந்தமாக இருப்பது அதனால்தான் போல. தனி டயாஃப்ரம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் காயலான் கடையில் முழு டிஸ்ட்ரிபியூட்டராக எடுத்து, இரண்டையும் பிரித்து ஒன்றாக்க வேண்டும். டைமிங் (பொறி விழும் நேரம்) பார்ப்பதை அதுவரை தள்ளி வைத்திருக்கிறேன்.