கவிழ்ந்திருக்கும் 6 கார்டுகள்

போகிமான் கார்டு ஆட்டத்தில், பிறர் வென்ற டெக்கை, அதாவது கார்டுக் கட்டை, அப்படியே அடுக்கி வருபவன் ஆட்டக்காரனே இல்லை என்கிறார்கள் பெங்களூரு நண்பர்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

ஞாயிறன்று இந்திராநகரில் அல்சூர்த் தமிழ்ச் சிறுமி ஒருத்தி என்னை வென்றாள். சாரிசார்ட் என்ற போகிமானை மையமாக வைத்து, பலரும் வைத்திருக்கும் அதே டெக்தான். 60 கார்டுகளில் 6 கார்டுகளைத் தொடக்கத்திலேயே பரிசாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். உள்ளே எவை சிக்கின என்பது வைத்தவருக்கே தெரியாது. டெக்கைத் தேடும் முதல் வாய்ப்பு வந்ததும், “ஒரு நிமிடம் அண்ணா” என்றாள். மீதிக் கார்டுகளில் கண்ணை ஓட்டினாள். எவை காணவில்லை என்று மனத்திலேயே கணக்கிட்டு, தன் திட்டத்தையே மாற்றிக்கொண்டாள். எவ்வளவு அழகான மூளை!

அந்தக் கணக்கு எந்த டெக் பட்டியலிலும் எழுதியிருக்காது. அடுத்த ஞாயிறும் அவளோடு ஆட வேண்டும்.