ஃபிரிட்ஜைப் போர்த்தாத படங்கள்

போன வருஷம் எங்கள் சித்தி வீட்டுக்கு டாக்குமெண்டரி எடுக்க நாலு பேர் வந்தார்கள். தாராவியில் இது புதிதில்லை, கேமராவைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருத்தர் சந்துக்குள் வந்துகொண்டேதான் இருப்பார். சித்தி ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிக்கிறவள். ஆறு மணிக்குள் குண்டானில் அடுக்கி, சட்னி சாம்பாரோடு சயான் பக்கம் போய்விட வேண்டும். வந்தவர்களுக்கு அந்த ஆவி பிடித்திருந்தது, அடுப்பு பிடித்திருந்தது, மேலே ஏறும் இரும்பு ஏணி ரொம்பவே பிடித்திருந்தது. ஃபிரிட்ஜ்தான் பிடிக்கவில்லை. "ஆன்ட்டி, இதன் மேல ஒரு போர்வை போட்டுக்கலாமா?" என்று ஒரு பையன் ஹிந்தியில் கேட்டான். சித்தியும் பழைய சேலை ஒன்றை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

எனக்கு அது இன்னும் ஆறவில்லை. சித்தியின் தொழிலே அந்த ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. மும்பை மே மாத வெக்கையில் முதல் நாள் ஆட்டிய மாவு விடிவதற்குள் பொங்கிப் புளித்துப் போகும், அந்த டபுள் டோர் வந்த பிறகுதான் அவள் இரண்டு பங்கு மாவு போட ஆரம்பித்தாள், தவணை கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. அதை மூடிவிட்டால் படத்தில் மிஞ்சுவது ஒரு ஏழைப் பெண்ணும் கொஞ்சம் புகையும்தான். வேலை தெரிந்த ஒருத்தி, கணக்குத் தெரிந்த ஒருத்தி, அந்த ஃப்ரேமில் இல்லை.

அதற்கப்புறம் எந்த டாக்குமெண்டரி பார்த்தாலும் என் கண் இதைத்தான் தேடுகிறது. எதை மூடியிருக்கிறார்கள்? என்ன பார்க்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போது நான் சொல்லும் படங்கள் எல்லாம் இந்தக் கேள்வியைத் தாங்கி நின்றவை, அல்லது தாங்காமல் என்னைத் தொந்தரவு செய்தவை.

முதலில் ஆனந்த் பட்வர்தனின் 'பம்பாய் அவர் சிட்டி', 1985. 'ஹமாரா ஷஹர்' என்றும் சொல்வார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த ஊரில் நடைபாதைக் குடிசைகளை இடித்த கதை. இதை நான் தனியாகப் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டு ஆச்சியோடு பார்த்தேன். ஆச்சிக்கு எழுபத்தைந்து வயசிருக்கும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்தவள், காய்கறி விற்றே ஹிந்தியும் மராத்தியும் படித்தவள். குடிசை இடிக்கும் காட்சி வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "ஏல, முதல்ல குடத்த எடுக்கணும்ல. துணி கெடந்தாக் கெடக்கட்டும். குடமும் ஸ்டவ்வும் லாரில ஏறிட்டுன்னா திரும்ப வராது." நாற்பது வருஷத்துக்கு முந்திய படத்தில் இருக்கிற ஒரு பெண்ணிடம் சொல்கிறாள்.

அந்தப் படத்தில் எனக்கு மறக்கவே முடியாத இடம் ஒன்று. குடிசை போன பெண் ஒருத்தி கேமராவைப் பார்த்துச் சண்டைக்கு வருகிறாள். ஏழைகளைப் படம் பிடித்தால் உனக்குப் பேர் கிடைக்கும், எங்களுக்கு என்ன ஆகும் என்கிற மாதிரி நேரடியாகவே கேட்டுவிடுகிறாள். வேறு யாராவது என்றால் அதை வெட்டித் தள்ளியிருப்பார்கள். பட்வர்தன் வெட்டவில்லை. அவள் கேட்டதற்குப் படத்தில் பதிலும் இல்லை, அது அப்படியே நிற்கிறது. சித்தி வீட்டில் சேலை போர்த்தினதற்கு நேர் எதிரான காரியம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. வசதியானவர்களை அவர் பேசவிடும் விதம் எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் வாயைத் திறந்து இந்தக் குடிசைக்காரர்களால் ஊரே கெட்டது என்பார்கள், உடனே அடுத்த ஷாட்டில் ஒரு குடிசை. அடி சரியாக விழுகிறது, ஆனால் அந்த ஆள் ஏன் அப்படி நினைக்கிறான், அவன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் ராத்திரி எங்கே தூங்குகிறாள் என்று அவனிடமே இன்னும் இரண்டு நிமிஷம் கேட்டிருந்தால் அடி இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் நடைபாதைக் குடிசைகளை இடிப்பதை எதிர்த்துப் போட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்கில் அதே 1985 ஜூலையில் வந்த தீர்ப்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான். ஆனால் நடைபாதையைக் காலி செய்யும் அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது, மழைக்காலம் முடியும்வரை பொறுக்கச் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி, 1961ல் வேலை தேடி பம்பாய் வந்தவர், தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் சம்பளம். பிளாஸ்டிக் ஷீட்டும் தார்ப்பாயும் போட்ட நடைபாதைக் குடிசைக்கு ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கியிருக்கிறான். 1981 ஜூலையில் அதை இடித்து, குடும்பத்தோடு சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவியையும் பெண் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு அவர் மட்டும் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில் குடிசைக்குள் நுழைந்தார். ஆச்சியிடம் இதைப் படித்துக் காட்டினேன். "திரும்பி வராம என்ன செய்வான்" என்றாள்.

அடுத்தது 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்'. 2023ல் ஆஸ்கர் வாங்கிய படம், கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்தது, நெட்பிளிக்ஸில் இருக்கிறது, எங்கள் வீட்டில் எல்லாரும் அழுதார்கள், நானும்தான். முதுமலையில் தெப்பக்காடு யானை முகாம், அங்கே யானைக்குட்டி வளர்க்கும் பொம்மன், பெள்ளி, தாயை இழந்த யானைக்குட்டி ரகு. தன் மகள் இறந்த துக்கத்தைப் பெள்ளி சொல்லும் இடத்துக்காகவே பார்க்கலாம். ஒரு தமிழ்ப் பழங்குடிப் பெண்ணின் பேச்சை உலகமே கேட்டதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் கொஞ்ச நேரம் கழித்து ரகுவை அவர்களிடமிருந்து பிரித்து வேறு ஆட்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். வனத்துறை முடிவு. ஏன்? யார் எடுத்த முடிவு? வளர்த்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? படத்தில் ஒரு அதிகாரியும் வந்து பதில் சொல்வதில்லை. இசை எழும்புகிறது, காடு அழகாக இருக்கிறது, நமக்குக் கண்ணீர் வருகிறது, கேள்வி எங்கோ போய்விடுகிறது. அந்த இருவருக்கும் இது அன்பு மட்டுமில்லை, வேலையும்கூட, சம்பளமும் மேலதிகாரியும் உள்ள வேலை. அதன் மேல் ஒரு நல்ல பட்டுச் சேலையைப் போர்த்திவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

இதற்கு மறுகோடியில் திவ்யா பாரதியின் 'கக்கூஸ்', 2017. யூடியூபில் பார்க்கலாம். சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொரு சட்டம், இரண்டும் இருக்கும்போதே தமிழ்நாடு முழுக்க நடப்பதை அவர் போய் எடுத்தார், எதையும் மூடவில்லை. படத்தைத் திரையிட விடாமல் போலீஸ் தடுத்ததும் நடந்தது. என் வருத்தம் வேறு. ஒருவர் மாற்றி ஒருவராக அத்தனை பேர் வந்து பேசுவதில் யாரோடும் நாம் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒரே ஒரு அக்காவோடு ஒரு நாள் முழுக்க இருந்திருக்கலாம், வேலை முடிந்து அவர் குளித்துவிட்டுப் பிள்ளைக்குச் சோறு போடும்வரை. அந்தக் கோபத்துக்கு அவ்வளவு பொறுமை இருந்திருக்காது, அதுவும் எனக்குப் புரிகிறது.

டெல்லியில் இருக்கும் தம்பி சொல்லித்தான் ஷௌனக் சென்னின் 'ஆல் தட் ப்ரீத்ஸ்' பார்த்தேன். 2022. வானத்திலிருந்து விழும் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் அண்ணன் தம்பிகள். இவ்வளவு மெதுவான, அழகான படத்தில் இவர்கள் சோற்றுக்கு என்ன செய்கிறார்கள் என்று சந்தேகத்தோடு தேடினேன். சோப்பு டிஸ்பென்சர் தயாரிக்கிறார்கள், அந்த வேலையும் பருந்து வைத்தியத்தோடு சேர்ந்தே ஃப்ரேமுக்குள் இருக்கிறது. வெளியே கலவரம் நடக்கும் சத்தமும் உள்ளே வருகிறது. கட்டாயம் பாருங்கள்.

கடைசியாக 'ஜெய் பீம் காம்ரேட்', 2011, மறுபடியும் பட்வர்தன். 1997 ஜூலை 11ல் மும்பை காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதைத் தட்டிக் கேட்கத் திரண்ட ஜனங்களைப் போலீஸ் சுட்டு, பத்துப் பேர் செத்தார்கள். அது தாங்காமல் விலாஸ் கோக்ரே என்ற பாடகர் தூக்கில் தொங்கினார். அங்கே தொடங்கி 14 வருஷம் எடுத்த படம், ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். நீளம் அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு, கூட்டங்களையும் மேடைப் பேச்சுகளையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் பாட்டுகளில் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. நீதிமன்றத்தில் வருஷங்கள் போகப் போக முகங்களில் வயசு ஏறுவதைப் பார்க்க அத்தனை நேரம் வேண்டியும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆச்சிக்கு இதைப் போட்டேன். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே "இவன் அந்தக் குடிசப் படத்துல பாடுனவன்லா?" என்றாள். ஆமாம், அவர்தான். முதல் படத்திலும் கோக்ரே பாடியிருக்கிறார், நான் இரண்டு முறை பார்த்தும் கவனிக்காததை ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள். எப்படி இறந்தார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் போனை என்னிடம் நீட்டி, பாட்டு வந்த இடத்துக்குத் திரும்பப் போகச் சொன்னாள், சத்தத்தையும் கூட்டி வைக்கச் சொன்னாள்.