குளிக்க மறுத்த மகளும் எலியாகிப் போன பேரனும்

ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறைக் கதவில் சாய்ந்துகொண்டு மகள் வாதாடினாள்: "குளிச்ச பிள்ளைங்கதான்ப்பா சூனியக்காரிங்களுக்கு நாய்ப்பீ மாதிரி நாறும். அழுக்கா இருந்தா மோப்பம் பிடிக்க முடியாது."

முந்தின ராத்திரி 'தி விட்சஸ்' படத்தைப் போட்டுக் காட்டியது என் தப்புதான்.

நான் சொல்வது 1990இல் நிக்கோலஸ் ரோக் எடுத்த படம். 2020இல் ஆன் ஹாத்வே நடித்து இன்னொன்று வந்தது. அதில் கிராபிக்ஸ் அதிகம், பயம் குறைவு. பழைய படத்தின் எலிகளில் பல, ஜிம் ஹென்சன் பட்டறையின் பொம்மைகள். பொம்மை என்று தெரியத்தான் செய்கிறது. ஆனாலும் தொட்டால் ரோமம் கையில் படும் போலிருக்கிறது.

நார்வேக்காரப் பாட்டியும் பேரனும் இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஹோட்டலுக்கு வருகிறார்கள். பாட்டிக்கு லேசாகச் சர்க்கரை. அதைக் கேட்டதும் சோபாவில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே ஹோட்டலில் குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கம் என்ற பெயரில் இங்கிலாந்துச் சூனியக்காரிகள் அத்தனை பேரும் மாநாடு போடுகிறார்கள். தலைவியாக வரும் அஞ்செலிக்கா ஹூஸ்டன் தன் முகத்தையே உரித்து எடுத்தபோது மகள் தலையணைக்குப் பின்னால் போய்விட்டாள். பிள்ளைகளை எலியாக்கும் மருந்தை, அதற்குள் எலியாகிவிட்ட பையன் திருடி அவர்களுடைய சூப்பிலேயே கலக்கிவிடும் இடத்தில்தான் வெளியே வந்தாள்.

என்னை உலுக்கியது வேறு காட்சி. பாட்டி சொல்லும் பழைய கதையில் எரிக்கா என்றொரு சிறுமி காணாமல் போகிறாள். பிறகு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஓவியத்துக்குள் நிற்கிறாள். வருஷங்கள் போகப் போக ஓவியத்துக்குள்ளேயே அவளுக்கு வயதாகிறது. ரத்தம் கிடையாது, அலறல் கிடையாது. பெற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா ஆன பிறகு இதைப் பார்க்க முடியவில்லை.

முடிவில் மனம் மாறிய சூனியக்காரி ஒருத்தி வந்து பையனை மறுபடி மனிதனாக்குகிறாள். படத்துக்கு மூலமான ரோல்ட் டாலின் 1983 புத்தகத்தில் அப்படி இல்லை. பேரன் எலியாகவே இருக்கிறான். இன்னும் ஒன்பது வருஷம் உயிரோடு இருப்பாய் என்கிறாள் பாட்டி. அவளுக்கு வயது 86. நீ இல்லாமல் நான் இருக்க வேண்டாமே என்று அவனுக்குச் சந்தோஷம். படம் முடிவை மாற்றியது டாலுக்குப் பிடிக்கவில்லை. நானும் அவர் கட்சிதான்.

இதை அம்மாவிடம் உருகி உருகிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எலியாவே இருந்தா அந்தக் கிழவிக்கு யாருடா மாத்திரை எடுத்துக் குடுப்பா?" என்றார். எங்கள் வீட்டில் ராத்திரி மாத்திரையை எடுத்துத் தருவது மகளின் வேலை.

"எலியே உருட்டிக்கிட்டு வரும் அப்பத்தா" என்றாள் அவள்.

அன்று சாயங்காலமும் அவள் குளிக்கவில்லை.