மாவுப்பூச்சியைத் தேடிப் போய் எறும்பைப் பிடித்த கதை

பிப்ரவரி 14. மாடியில் நிற்கும் அடுக்குச் செம்பருத்தியின் கொழுந்துகள் எல்லாம் சுருண்டு, விரிய மறுத்த முட்டைக்கோஸ் போல இறுகிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. மாவுப்பூச்சி. பக்கத்து டிரம்மில் வளரும் பப்பாளியின் இலை நரம்புகளிலும் அதே வெள்ளை.

போன வருடம் இதே நிலை வந்தபோது உரக்கடையில் கேட்டு ஒரு மருந்து வாங்கி அடித்தேன். அடித்த பிறகுதான் டப்பாவின் மேலிருந்த சாய்சதுரத்தைக் கவனித்தேன். அதன் கீழ்ப்பாதி மஞ்சள். சிவப்பு இருந்தால் மிகக் கடும் நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்த படி, பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் மாடிக்கு ஓடித் தக்காளியைப் பறித்துக் கழுவாமல் அப்படியே கடிக்கிறவள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த முறை அந்த டப்பா வேண்டாம் என்று முடிவு செய்துதான் இந்தக் குறிப்பேட்டைத் தொடங்கினேன்.

முதலில், வந்திருப்பது எது என்று பார்த்தேன். செம்பருத்தியிலிருந்து ஒரு பூச்சியை எடுத்து வெள்ளைத்தாளில் நசுக்கினேன். இளஞ்சிவப்புக் கறை. பப்பாளியில் இருந்ததை நசுக்கினால் மஞ்சள். ஆக இரண்டும் வேறு வேறு. மஞ்சளாக இருப்பது பப்பாளி மாவுப்பூச்சி. 2008-இல் இந்தியாவில் முதன்முதலாக அது கண்டறியப்பட்டது எங்கள் கோயம்புத்தூரில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாக அது அழித்ததை இந்தப் பக்கத்து விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை. அன்று எத்தனை முறை மருந்தடித்தும் அடங்காத அந்தப் பூச்சியை அடக்கியது 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசிரோஃபேகஸ் என்னும் மிகச் சிறிய குளவி. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கும்.

பிப்ரவரி 16. மோசமாகச் சுருண்டிருந்த ஆறு கிளைகளை வெட்டிப் பையில் கட்டி வெயிலில் போட்டேன். மீதிக் கிளைகளில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினேன். பாதிக்கு மேல் தண்ணீரிலேயே உதிர்ந்துவிட்டன. மாலையில் வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் எடுத்து, அதில் காதி சோப்பைக் கரைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். பால் போல வெளுத்த பிறகு மீதித் தண்ணீரைச் சேர்க்கலாம். பூச்சியின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சை உடைப்பது சோப்பு. வேம்பு உடனே கொல்லாது. தின்பதையும் தோலுரித்து வளர்வதையும் தடுக்கும். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும் என்பதாலும், தேனீக்கள் கூடு திரும்பியிருக்கும் என்பதாலும் ஆறு மணிக்குத்தான் தெளித்தேன்.

பிப்ரவரி 23. இரண்டாவது தெளிப்பு. பஞ்சுக்குள் இருக்கும் முட்டைகளை எதுவும் தொடாது. அவை பொரிந்து, மெழுகு படியாத குஞ்சாக ஊரும்போதுதான் பிடிக்க முடியும். அதனால்தான் வாரம் ஒரு முறை. அவசரத்தில் இரண்டு பங்கு எண்ணெயும் சோப்பும் கலந்துவிட்டேன். மூன்றாம் நாள் கத்தரி இலைகளின் ஓரம் கருகியது. அளவு கூடினால் வேப்பெண்ணெயும் செடிக்குத் தீங்குதான்.

மார்ச் 2. மூன்றாவது தெளிப்பும் முடிந்தது. ஆனால் செம்பருத்தியில் மறுபடி வெள்ளை. அம்மா காலையில் பூப்பறிக்க வந்தவர், தண்டைக் காட்டி, “எறும்பு இப்படி வரிசை கட்டி ஏறுகிற செடியில் பூச்சி எப்படிப் போகும், கண்ணு?” என்றார். அதுவரை நான் எறும்பைப் பார்த்தும் பார்க்காமலே இருந்திருக்கிறேன். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதை மாடு மேய்ப்பது போல மேய்க்கின்றன. அதைத் தின்ன வரும் வண்டையும் குளவியையும் விரட்டுகின்றன. நான் ஆளை விட்டுவிட்டு நிழலோடு சண்டை போட்டிருக்கிறேன்.

செம்பருத்தித் தொட்டியைத் தண்ணீர் நிரப்பிய அகலமான தாம்பாளத்தின் நடுவில், மூன்று செங்கல் மேல் ஏற்றி வைத்தேன். தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். கொசு முட்டையிடாமல் இருக்க நான்கு நாளைக்கு ஒரு முறை கொட்டி மாற்றுகிறேன். பப்பாளி டிரம்மை நகர்த்த முடியாது. தண்டில் துணிப்பட்டை சுற்றி அதன் மேல் விளக்கெண்ணெய் தடவினேன். தூசி படிந்து காய்ந்துவிடுகிறது, அடிக்கடி தடவ வேண்டும்.

மார்ச் 9. எறும்பு நிற்கவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கிளை நுனி கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுதான் பாலம். நான்கு அங்குலம் வெட்டினேன். மறுநாள் காலை தண்டு வெறுமையாக இருந்தது.

மார்ச் 21. செம்பருத்தியில் மாவுப்பூச்சியை விட இரண்டு மடங்கு பெரிதாக, மெழுகு நூல்கள் தொங்க, சுறுசுறுப்பாக ஊரும் ஏதோ ஒன்று. பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து இரண்டை நசுக்கிவிட்டேன். மூன்றாவதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது அது மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருந்தது. கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம். அந்த இரண்டையும் நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது. அன்றோடு செம்பருத்திக்கு வேப்பெண்ணெய் நிறுத்தம்.

ஏப்ரல். கத்தரியில் வெள்ளை ஈ வந்தது. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டதில் நிறைய ஒட்டின. சமையலறைக் கரப்பானுக்குக் கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரைச் சர்க்கரை, கோதுமை மாவோடு பிசைந்து, குளிர்பெட்டிக்குப் பின்னால், குழந்தையின் கை எட்டாத இடத்தில் வைத்தேன். இதுவும் வயிற்றுக்குள் போனால் நஞ்சுதான், ஆனால் காற்றில் பரவாது. பத்து நாளில் நடமாட்டம் நன்றாகக் குறைந்தது.

மே 6. பப்பாளி இலையின் அடியில் சில மாவுப்பூச்சிகள் பழுப்பேறி, உப்பி, கெட்டியாகி நிற்கின்றன. ஒன்றின் முதுகில் ஊசி முனை அளவு ஓட்டை. குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிய வழி. யாரும் கொண்டுவந்து விடாமலே அது எங்கள் மூன்றாவது மாடி வரை வந்திருக்கிறது. மகளைக் கூப்பிட்டுக் கண்ணாடியில் காட்டினேன். ஓட்டை விழாத பதினொன்றை எண்ணி, அந்த இலையின் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறாள், யாரும் பறித்துவிடாமல் இருக்க.